வலிப்புள்ள பிள்ளைக்குக் கீட்டோ உணவுச் சிகிச்சை: தொடங்குமுன் பெற்றோர் அறிய வேண்டியவை

வலிப்பு நோயுள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு முதல் மருந்திலோ இரண்டாவது மருந்திலோ வலிப்பு கட்டுக்குள் வந்துவிடுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அப்படி வருவதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதிய காலம் கொடுத்தும் நிற்காத வலிப்பை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று வலிப்புக்கான சர்வதேச அமைப்பு 2010 இல் வரையறுத்தது. அந்நிலையில் மூன்றாவது, நான்காவது மருந்தால் வலிப்பு முற்றாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போவதால், சத்திரசிகிச்சைக்கு இடமில்லாத பிள்ளைக்கு வைத்தியர், கொழுப்பை மிகக் கூட்டி மாச்சத்தை மிகக் குறைக்கும் கீட்டோ உணவுமுறையைப் பற்றிப் பேச்செடுப்பார். அதைக் கேட்டதும் சில பெற்றோர் "சாப்பாட்டை மாற்றினால் வலிப்பு நிற்குமா?" என்று நம்ப மறுக்கிறார்கள். வேறு சிலர் "சாப்பாடுதானே, மருந்தைவிட நல்லது" என்று அன்றிரவே சோற்றை நிறுத்தப் பார்க்கிறார்கள். முதலாமவர்கள் நல்ல வாய்ப்பொன்றை இழக்கக்கூடும். இரண்டாமவர்கள் பிள்ளையை ஆபத்தில் தள்ளக்கூடும். மருந்துக்கு இருப்பதுபோலவே இதற்கும் அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு, கண்காணிப்பு உண்டு. கொடுக்கக்கூடாத பிள்ளைகளும் உண்டு.

பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது மிகப் பழைய அவதானிப்பு. ஆனால் பிள்ளையைத் தொடர்ந்து பட்டினி போட முடியாது. பட்டினியின்போது உடலில் நிகழும் மாற்றத்தை உணவு கொடுத்துக்கொண்டே உண்டாக்கலாம் என்ற யோசனையை அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த வைத்தியர் ரஸல் வைல்டர் 1921 இல் முன்வைத்தார். கொழுப்பை மிக அதிகமாகவும் மாச்சத்தை மிகக் குறைவாகவும் கொடுப்பதே அவர் சொன்ன வழி. 1938 இல் ஃபெனிட்டோயின் மருந்து வந்த பின்னர், குளிசை கொடுப்பது சுலபம் என்பதால் இம்முறை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. 1990களில் மீண்டும் கவனம் பெற்ற இதனை இலண்டன் வைத்தியர்கள் 145 பிள்ளைகளில் முறையாகச் சோதித்து, 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாத முடிவில், உணவுமுறையில் இருந்தவர்களில் 38 வீதத்தினருக்கு வலிப்புகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. பழைய சிகிச்சையையே தொடர்ந்தவர்களில் 6 வீதத்தினருக்கு மட்டுமே அப்படிக் குறைந்தது. இந்த எண்களை நிதானமாக வாசியுங்கள். பாதிக்கு மேல் குறைவதும் முற்றாக நிற்பதும் ஒன்றல்ல. முற்றாக நிற்பவர்கள் சிலரே. எனினும் நாளுக்கு இருபது முறை விழும் பிள்ளை எட்டு முறை விழுவது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பெற்றவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

வழக்கமாக மூளைக்கான சக்தி குளுக்கோசிலிருந்து கிடைக்கிறது. சோறு, பாண், இடியப்பம், சீனி, பழம் எல்லாம் சமிபாடடைந்ததும் குளுக்கோசாகவே குருதியில் சேர்கின்றன. அது மிகக் குறைந்துபோகும்போது ஈரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. மூளை அவற்றை மாற்று எரிபொருளாக ஏற்றுக்கொள்கிறது. இந்நிலைக்குக் கீட்டோசிஸ் என்று பெயர். மூளையின் கிளர்ச்சியை அடக்குகின்ற இரசாயனங்களின் சமநிலை மாறுவது, நரம்புக் கலங்களுக்குச் சக்தி சீராகக் கிடைப்பது, சில கொழுப்பமிலங்கள் நரம்புக் கலங்களின் மீது நேரடியாகச் செயற்படுவது எனப் பல வழிகளில் இது வலிப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெற்றோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கீட்டோசிஸ் நீடிக்கும்வரையில்தான் பலன் நீடிக்கும். ஒரு சிறு இனிப்பு அதைச் சில மணி நேரத்தில் குலைத்துவிடலாம். குலைந்த அதே நாளில் வலிப்பு திரும்பிய பிள்ளைகளும் உண்டு.

எல்லா வலிப்புக்கும் இது ஒரே அளவில் உதவுவதில்லை. குளுக்கோசை மூளைக்குள் கொண்டுசெல்லும் புரதத்தில் பிறவிக் குறைபாடு உள்ள குளூட்-1 நோயிலும், பைருவேற் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியத்தின் குறைபாட்டிலும் இதுவே முதற் சிகிச்சை. சிசுக்களின் திடீர்த் துடிப்பு வலிப்பு, டிராவே நோய், திடீரெனத் தலை தொங்கி விழச்செய்யும் டூஸ் நோய், டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் ஆகியவற்றில் நல்ல பலன் காணப்பட்டுள்ளது. மறுபுறத்தில், கொழுப்பை உடைத்துச் சக்தியாக்கும் நொதியங்கள் பிறவியிலேயே குறைந்த பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அத்தகைய பிள்ளைக்கு மாச்சத்தை நிறுத்திக் கொழுப்பை மட்டும் கொடுத்தால் உடலுக்குச் சக்தி தரும் வழி இரண்டுமே அடைபட்டு உயிராபத்து நேரலாம். கார்னிற்றின் முதன்மைக் குறைபாடு, போர்ஃபிரியா, பைருவேற் காபொக்சிலேஸ் குறைபாடு ஆகியவற்றிலும் இவ்வுணவு கூடாது. பிள்ளையின் தோற்றத்தைப் பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் தொடங்குமுன் குருதியிலும் சிறுநீரிலும் வளர்சிதைமாற்ற நோய்களுக்கான பரிசோதனைகளைச் செய்கிறார்கள். ஈரல், சிறுநீரகம், கொலஸ்டிரோல், கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். "இத்தனை முறை ஊசி குத்த வேண்டுமா?" என்று மனம் பதறும். ஆயினும் இந்தப் பரிசோதனைகளைத் தவிர்த்துவிட்டு, இணையத்தில் பார்த்த உடல் மெலியும் கீட்டோவை வீட்டில் தொடங்குவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

இனி அளவுக்கு வருவோம். இந்தச் சிகிச்சையின் உயிர்நாடியே இதுதான். செந்நெறிக் கீட்டோ உணவை, அதாவது தொடக்கத்திலிருந்து வரும் பழைய முறையை, 4:1, 3:1 என்று விகிதத்தால் குறிப்பிடுவார்கள். 4:1 என்றால், புரதமும் மாச்சத்தும் சேர்ந்து 1 கிராம் இருக்கும் உணவில் கொழுப்பு 4 கிராம் இருக்க வேண்டும். கொழுப்பு 1 கிராமுக்கு 9 கலோரியும் மற்ற இரண்டுக்கும் 4 கலோரியும் கிடைப்பதால், உணவின் மொத்தச் சக்தியில் 90 வீதம் கொழுப்பிலிருந்தே வரும். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1000 கலோரி தேவை என்று வைத்துக்கொண்டால், கொழுப்பு 100 கிராம், புரதமும் மாச்சத்தும் சேர்த்து 25 கிராம் என்று கணக்கு வரும். வளர்ச்சிக்குக் கிலோவுக்கு 1 கிராம் வீதம் புரதம் 15 கிராமை ஒதுக்கினால், மாச்சத்துக்கு எஞ்சுவது 10 கிராம் மட்டுமே. ஒரு பிடி சோற்றிலேயே, அதாவது ஏறத்தாழ 50 கிராமில், 14 கிராம் மாச்சத்து இருக்கிறது. நாள் முழுவதற்கும் உரிய அளவைவிட அந்த ஒரு பிடி அதிகம்.

அப்படியானால் தட்டில் என்னதான் இருக்கும்? மேற்சொன்ன பிள்ளையின் மூன்று வேளைகளில் ஒரு வேளையை எடுத்துக்கொள்வோம். அடித்துக் கலக்கி நிறுத்தெடுத்த முட்டை 35 கிராம், மெல்லியதாக அரிந்த கோவா 75 கிராம், பட்டர் 24 கிராம், தேங்காயெண்ணெய் 10 கிராம். கோவாவை எண்ணெயிலும் பட்டரிலும் வதக்கி, முட்டையை ஊற்றிக் கிளறி, சட்டியில் ஒட்டியிருப்பதையும் ரப்பர்க் கரண்டியால் வழித்துத் தட்டில் போட வேண்டும். சட்டியில் தங்கும் எண்ணெயும் மருந்தின் ஒரு பகுதியே. அது தட்டுக்கு வராவிட்டால் விகிதம் குறைந்துவிடும். முட்டை முழுதாக இல்லை, பட்டரோ ஐந்து தேக்கரண்டி இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு இது தலைகீழான சாப்பாடாகவே தோன்றும். இந்த உதாரணம் கணக்கை விளங்கிக்கொள்வதற்காக மட்டுமே. உங்கள் பிள்ளைக்குரிய அளவைப் பிள்ளையின் வயது, எடை, வளர்ச்சி, இதர மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து உணவியல் நிபுணரே எழுதித் தருவார். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசை முதல் நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். கரண்டிக் கணக்கும் கண்ணளவும் இங்கே உதவா.

நம் சமையலறையில் இதற்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. இரண்டும் தேங்காய்தான். கொழுப்பு நிறைந்த தேங்காயெண்ணெயும் தேங்காய்ப்பாலும் பிள்ளையின் நாவுக்குப் பழகியவை என்பதால், வெறும் பட்டரை உண்ண மறுக்கும் பிள்ளையும் பாற்கறியை உண்டுவிடும். சிக்கல் என்னவென்றால், வீட்டில் பிழியும் பாலின் கொழுப்பு தேங்காய்க்குத் தேங்காய் மாறும். சேர்த்த தண்ணீரின் அளவுக்கும் பிழிந்த கைக்கும் ஏற்ப மாறும். முதற்பாலுக்கும் இரண்டாம் பாலுக்கும் இடையிலான வித்தியாசமோ மிகப் பெரிது. ஆகவே தொடக்க மாதங்களில் கொழுப்பின் அளவு அச்சிடப்பட்ட பெட்டித் தேங்காய்ப்பாலை, எப்போதும் ஒரே தயாரிப்பாகப் பார்த்து வாங்குவதே நல்லது. தேங்காய்ப்பால் மாவு வேண்டாம்; பல தயாரிப்புகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாச்சத்து கலந்திருக்கிறது. தேங்காயெண்ணெய் மட்டும் போதும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அதிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம். கீட்டோனை விரைவாக உண்டாக்கும் இன்னும் குறுகிய கொழுப்பமிலங்கள் அதில் சிறு பங்கே. வைத்தியசாலையில் சொல்லப்படும் எம்.சி.டி. எண்ணெய் அவற்றை மட்டும் பிரித்தெடுத்துத் தயாரிக்கப்படுவது.

நீரிழிவுக்கு நல்லது என்று பெயர் வாங்கிய குரக்கன் பிட்டு, சிவப்பரிசிச் சோறு, ஆட்டாமா ரொட்டி ஆகியவை இந்தச் சிகிச்சைக்கு நல்லவை அல்ல. அவற்றின் மாச்சத்து மெதுவாகச் சேரும், ஆனால் அளவில் குறைவில்லை. பருப்பு, மரவள்ளி, பலாக்காய், வாழைப்பழம் ஆகியவற்றுக்கும் இதுவே கதி. கங்குங், வல்லாரை, பொன்னாங்காணி, புடலங்காய், வெள்ளரிக்காய், கத்தரிக்காய், அவகாடோ ஆகியவற்றுக்குக் கணக்கில் இடமுண்டு, அவையும் தராசில் நிறுத்தே. மரக்கறி உண்ணும் குடும்பம் என்றால் புரதத்துக்குப் பனீர், தோஃபு, கொட்டை வகைகள் என்று வழி தேடலாம். முட்டைக்கு மட்டும் வீட்டார் சம்மதித்தால் திட்டமிடுவது மிகவும் இலகுவாகும் என்பதால், அந்தப் பேச்சை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

4:1 உணவு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒத்துவராது. 2003 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை வைத்தியர்கள் அறிமுகப்படுத்திய திருத்திய அட்கின்ஸ் உணவுமுறையில் மாச்சத்து மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 கிராமுக்குள் நிறுத்தப்படும். புரதத்துக்குக் கட்டுப்பாடில்லை, கொழுப்பை நிறைய உண்ண ஊக்குவிப்பார்கள், ஒவ்வொரு கவளத்தையும் நிறுக்க வேண்டியதில்லை. டெல்லியில் 102 பிள்ளைகளில் இதைச் சோதித்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதத்தில் பாதிப் பேருக்கு மேல், அதாவது 52 வீதத்தினருக்கு, வலிப்புகள் பாதிக்கு மேல் குறைந்தன. சோறும் ரொட்டியும் உண்டு வளர்ந்த, நம் வீடுகளை ஒத்த வீடுகளின் பிள்ளைகள் அவர்கள். ஓடித்திரியும் வயதுப் பிள்ளைக்கும் தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கும் இம்முறையே அதிகம் பொருந்தும் என்பது என் எண்ணம். சிசுக்களுக்கும் குழாய்வழி உணவு பெறும் பிள்ளைகளுக்கும் செந்நெறி முறையே வசதி. எல்லாவற்றையும் அளந்து திரவமாகவே கொடுத்துவிடலாம்.

கொழும்பில் இதற்கான பாதை பெரும்பாலும் உங்கள் கிளினிக்கில் தொடங்கும். பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ வேறிடத்திலோ பிள்ளையைப் பார்க்கும் சிறுவர் நரம்பியல் வைத்தியரிடம், "எங்கள் பிள்ளைக்குக் கீட்டோ உணவு பொருந்துமா?" என்று நீங்களே கேட்கலாம், அவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து நடத்த வேண்டிய சிகிச்சை இது. கேட்கப் போகுமுன் இரண்டு வேலைகளைச் செய்து வையுங்கள். குறைந்தது நான்கு வாரங்களுக்கு, ஒவ்வொரு நாளும் எத்தனை வலிப்பு, எந்த விதம், எவ்வளவு நேரம் என்று கொப்பியில் குறியுங்கள். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்துப் பலன் உண்டா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. பிள்ளை மூன்று நாட்களில் உண்பதையும் குடிப்பதையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பிள்ளைக்குப் பிடித்ததை வைத்தே உணவியல் நிபுணர் திட்டம் போடுவார்.

முன்பெல்லாம் இச்சிகிச்சையைப் பட்டினி போட்டே தொடங்கினார்கள். மெதுவாகத் தொடங்கினாலும் மூன்று மாதப் பலன் குறைவதில்லை என்று தெரிந்த பின்னர், இப்போது பல இடங்களில் 1:1, 2:1, 3:1 என்று சில நாட்களுக்கொரு முறை படியேற்றுகிறார்கள். சிறு குழந்தையாயின் வைத்தியசாலையில் தங்க வைத்தே தொடங்குவது வழக்கம். முதல் வாரத்தில் பிள்ளை சோர்ந்திருக்கலாம், வாந்தி எடுக்கலாம், உணவைத் தள்ளிவிடலாம். வியர்வை, நடுக்கம், வெளிறிப்போதல், எழுப்பினாலும் கண் திறவாமை என்பன குளுக்கோசு மிகக் குறைந்துவிட்டதன் அறிகுறிகள். மூச்சு வேகமாகி, வாந்தியும் மந்தமும் சேர்ந்தால் கீட்டோன் மிகைத்துக் குருதியின் அமிலத்தன்மை கூடியிருக்கலாம். இப்படி நேர்ந்தால் எவ்வளவு பழச்சாறு கொடுப்பது, எப்போது வைத்தியசாலைக்கு ஓடுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டே வீடு திரும்புங்கள். வீட்டில் கீட்டோனைப் பார்க்க, சிறுநீரில் நனைத்ததும் நிறம் மாறும் பட்டியே மலிவானது. விரல் நுனியில் ஒரு துளி குருதி எடுத்துப் பார்க்கும் முறை துல்லியமானது, செலவும் அதிகம். தண்ணீரைக் குறைக்க வேண்டாம். நிறையக் குடிக்க வேண்டும்.

வலிப்பு மருந்துகளைத் தொடக்கத்தில் நிறுத்தவே கூடாது. பலன் தெரிந்தால் வைத்தியர் ஒவ்வொன்றாகக் குறைப்பார். ஆனால் மருந்து எந்த வடிவில் இருக்கிறது என்பதை உடனே பார்க்க வேண்டும். இனிப்பான வலிப்பு மருந்துச் சிரப்பிலும், காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் சிரப்பிலும், அன்ரிபயோடிக் சிரப்பிலும் சீனியோ சோர்பிற்றோல் என்ற இனிப்பூட்டியோ இருக்கக்கூடும். குளிசையாக மாற்ற முடியுமா என்று வைத்தியரிடமும், சீனியில்லாத வகை உண்டா என்று மருந்துக்கடையிலும் கேளுங்கள். இருமலுக்கு அம்மம்மா வைக்கும் கொத்தமல்லிக் கசாயத்தைக் கொடுக்கலாம், கற்கண்டு சேர்க்காமல். வயிற்றோட்டத்தில் நீரிழப்புக்கான ஜீவனிக் கரைசல் கொடுக்க நேர்ந்தால் அதில் குளுக்கோசு இருப்பதை மனத்தில் கொண்டு வைத்தியரை அழையுங்கள். எனினும் பிள்ளை வாடிச் சோர்ந்துவிட்ட நிலையில் கீட்டோசிஸைக் காக்கிறேன் என்று அதை மறுக்கக் கூடாது. நீரிழப்பைச் சீர்செய்வதே அப்போது முதல் வேலை.

வீட்டாரை ஒருமுகப்படுத்துவது தராசில் நிறுப்பதைவிடக் கடினம். பின்னேரத் தேநீருக்கு வந்த சித்தி, மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே வெறும் கையோடு நிற்கும் பிள்ளையைப் பார்த்து மனம் பொறுக்காமல் மேரி பிஸ்கட் ஒன்றை நீட்டுவார். அதில் ஏறத்தாழ 4 கிராம் மாச்சத்து உண்டு. மேலே சொன்ன பிள்ளைக்கு ஒரு வேளைக்கு உரிய மாச்சத்தே 3 கிராம் சொச்சம்தான். சித்தியின் அன்பில் குறையில்லை, அவருக்கு இந்தக் கணக்கை எவரும் சொல்லவில்லை. ஆகவே தொடங்குவதற்கு முன் அம்மம்மா, அப்பப்பா, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், பக்கத்து வீட்டார் எல்லோரையும் உட்கார வைத்து, "இது பத்தியம் மட்டுமல்ல, மருந்து, இடையில் ஒரு வாய் கொடுத்தாலும் மருந்தைப் பறித்ததாகும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கோயில் பொங்கலுக்கும் மோதகத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் இதே விதிதான். பிள்ளைக்கும் அதன் வயதுக்கேற்பச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்த பிள்ளை ஒத்துழைக்கும் அளவு பெரியவர்களை வியக்க வைக்கும். முன்பள்ளி ஆசிரியைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இன்னொரு கடிதம் எப்போதும் பிள்ளையின் பையில் இருக்க வேண்டும்: இந்தப் பிள்ளை கீட்டோ சிகிச்சையில் இருக்கிறது, அவசியமின்றிக் குளுக்கோசு சேலைன் ஏற்ற வேண்டாம், குளுக்கோசு குறைந்திருந்தால் மட்டும் கொடுக்கவும் என்று வைத்தியர் கையொப்பமிட்ட கடிதம். அது ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருக்கட்டும். நள்ளிரவில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்த அம்புலன்ஸில் போய் இறங்கும்போது கடமையில் இருப்பவர் எவராயினும் அதை வாசித்துவிட முடியும்.

பக்கவிளைவுகளில் அடிக்கடி வருவது மலச்சிக்கல். தண்ணீரும் கீரையும் பெரும்பாலும் உதவும். சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகக் கல் உண்டாகலாம். டோபிராமேட், சோனிசமைட் மருந்துகள் எடுப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ விலாவில் வலி என்று பிள்ளை அழுதாலோ தாமதிக்காதீர்கள். கொலஸ்டிரோல் கூடலாம், உயரம் வளர்வது மந்தமாகலாம், எலும்பு வலுவிழக்கலாம். இவ்வுணவில் விற்றமின்களும் கல்சியமும் போதியளவு கிடைக்காததால், சீனியில்லாத விற்றமின், தாதுக் குளிசைகள் சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதியாகின்றன. செலினியம் நீண்ட காலம் குறைந்தால் இதயத் தசையே பாதிக்கப்படலாம். முதல் ஆண்டில் சில மாதங்களுக்கொரு முறை எடையும் உயரமும் குருதியும் பார்க்கப்படும். பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று அந்தத் தவணைகளைத் தவறவிடாதீர்கள்.

பலன் தெரியும் பிள்ளைகளில் அது பெரும்பாலும் முதற் சில வாரங்களிலேயே தெரியத் தொடங்கும். ஆனாலும் தீர்மானத்துக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதற்குப் பின்னரும் கொப்பியில் மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடலாம். அது தாயின் சமையலின் தோல்வியும் அல்ல, பிள்ளையின் பிடிவாதத்தின் விளைவும் அல்ல, சில வலிப்புகள் இதற்கும் அடங்குவதில்லை. பலன் கிடைத்தால் வழக்கமாக இரண்டு ஆண்டுகள் அளவில் தொடர்வார்கள். குளூட்-1 நோயுள்ளவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்படும். நிறுத்தும்போதும் ஒரே நாளில் சோற்றுக்குத் திரும்பக் கூடாது. 4:1 இலிருந்து 3:1, பின்னர் 2:1 என்று இரண்டு மூன்று மாதங்களில் இறங்கி, கீட்டோன் மறைந்த பிறகே சோற்றையும் பாணையும் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். இறங்கும் வழியில் வலிப்பு கூடினால், வைத்தியரைக் கேட்டு முந்தைய படிக்கே திரும்பி, அங்கே சில காலம் நின்று, பிறகு மீண்டும் முயல வேண்டும்.